இறுதியாண்டு ஆய்வேட்டை மாணவர்கள் விலைக்கு வாங்க விடாதீர்கள்

பெங்களூருக் கல்லூரிகளில் உயிரியல் துறைகளைப் பொறுப்பேற்று நடத்திவரும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நகரின் வடபகுதியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வேலை கேட்டு வரும் மாணவர்களை நேர்காண்பதும் என் பொறுப்பு. சென்ற மாதம் அல்சூரிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை பற்றிக் கேட்டவற்றுக்கெல்லாம் தடையின்றிப் பதில் சொன்னார். ஆனால் மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கொடுத்ததும், பொத்தானை இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்தித் திரவத்தை உறிஞ்சினார். முதல் நிறுத்தம்வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாவது முழுவதையும் வெளியேற்றுவதற்கு என்று அவருக்கு யாரும் கைபிடித்துக் காட்டியிருக்கவில்லை. ஆய்வேட்டில் கன்ட்ரோலாக, அதாவது முடிவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எதை வைத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டியதாகவும், சோதனைகளை அங்கிருந்தவர்களே செய்ய, தான் தள்ளி நின்று பார்த்ததாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படிப் பணம் கட்டிப் பட்டம் வாங்கியவன்தான். ஒரு சோதனை பிசகினால் எங்கே பிசகியது என்று தேடும் பழக்கமே இல்லாமல் முதல் வேலையில் நான் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி காணும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில், உயிரறிவியல் தாளின் 200 மதிப்பெண்ணில் 100, மூன்றாம் பகுதியில் எழுதும் 25 விடைகளுக்கே உரியது. அங்கே பல கேள்விகள் ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து எதைத் துணிந்து சொல்லலாம் என்று கேட்பவை. பிஎச்.டி. நேர்காணலிலும் இதைத்தான் கேட்கிறார்கள். வழிகாட்டி நூல்களை மனப்பாடம் செய்வதால் இந்தத் திறன் வந்துவிடாது.

ஆகவே, இறுதியாண்டு ஆய்வைக் கல்லூரிக்குள்ளேயே நடத்துங்கள் என்று வேண்டுகிறேன். கருவிகள் இல்லை என்பீர்கள், உண்மைதான். ஆனால் பழ ஈக்களை வளர்க்கக் கண்ணாடிப் புட்டி, பஞ்சு, ரவை, வெல்லம், அகர், சிறிது ஈஸ்ட் இருந்தால் போதும். 25 டிகிரியில் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். இதே நகரில் என்.சி.பி.எஸ். என்னும் தேசிய உயிரறிவியல் ஆய்வு மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கி, மணத்தையும் சுவையையும் உயிர்கள் எப்படி அறிகின்றன என்று ஆராய எடுத்துக்கொண்டது இந்த ஈயைத்தான். புளித்த வாழைப்பழம் ஒரு புட்டியில், வெறும் ஈரப்பஞ்சு இன்னொன்றில்: எதில் எத்தனை ஈக்கள் நுழைகின்றன என்று எண்ணத் தொடங்கும்போதே கன்ட்ரோல் எதற்கு என்பது மாணவருக்குப் புரிந்துவிடும். தவறிய நாள்களையும் ரெக்கார்டு நோட்டில் எழுதவிட்டு, அவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குப் பரிந்துரை எழுதும்போதும், கண்ணால் கண்டதை நீங்கள் எழுத முடியும்.

வரும் பருவத்தில் எந்தத் துறை இதைத் தொடங்கினாலும், சனிக்கிழமைகளில் வந்து பிப்பெட் பிடிக்கவும் ஈக்களைப் பிரித்தறியவும் சொல்லித்தர நானும் உடன் பணிபுரியும் இருவரும் தயாராக இருக்கிறோம். முதல் ஈப்புட்டிகளையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
ஓர் ஆய்வுக்கூடப் பணியாளர், பெங்களூரு