டிரம்முக்கு அபராதம் சரி, குழாய்க்கு?

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு அபராதச் சீட்டு கொடுத்தார்கள். தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு. இருந்தது உண்மைதான், டார்ச் அடித்துக் காட்டினார்கள், நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 500 ரூபாய். அவருக்கு வருகிற முதியோர் பணமே மாதம் 1,200 ரூபாய்.

அவர் ஏன் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு வருமா மூன்று மணிக்கு வருமா என்று தெரியாது. பாட்டி வாசற்படியிலேயே தூங்கி, குழாய் சீறுகிற சத்தம் கேட்டு எழுந்து, குடம் குடமாகத் தூக்கி ஊற்றி நிரப்புகிறார். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். நம் குடிநீர் முறையும் அதே கணக்குதான், கொசுவைக் கேட்டே முறை வைத்தது போல.

வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்ளே தேய்த்துக் கழுவச் சொல்கிறது நோட்டீஸ். தப்பே இல்லை. பக்கவாட்டில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆனால் ஏழாம் நாள் மிச்சமிருக்கிற கால் டிரம்மைக் கொட்டிவிட்டால் அடுத்த இரண்டு நாளைக்குப் பாட்டி என்ன செய்வார்? வீடு வீடாகக் கொசுப்புழு சோதிக்க வருகிற டிபிசி ஊழியப் பெண்ணிடமே கேட்டேன். "எங்க வீட்லயும் இதே கதைதான்க்கா" என்றார், புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை டிரம்மில் ஊற்றிக்கொண்டே.

அதனால் முதலில் கேட்பது இதுதான்: மூன்று நாளைக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொன்ன நேரத்தில் தண்ணீர் விடுங்கள்.

சுகாதாரப் பிரிவில் போய்ச் சொன்னால் தண்ணீர் பொறியியல் பிரிவு என்கிறார்கள், அங்கே போனால் குடிநீர் வாரியத்திலிருந்தே வரத்து இல்லை என்கிறார்கள், குப்பைக்கு ஒப்பந்தக்காரராம். நகராட்சி லாரி ஷெட்டுக்குப் பின்னால் மழைநீரோடு கிடக்கிற டயர்கள் எந்தப் பிரிவு? அவற்றுக்கு யார் சீட்டு எழுதுவது? காய்ச்சல் வந்த பிறகு புகை வண்டி மட்டும் தவறாமல் வருகிறது, பகலில் கடிக்கிற கொசுவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு. அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டிரம்முக்குள் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. படம் நன்றாக வருகிறது, அது வேறு விஷயம். 2017இல் அரசுக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 65 பேர் டெங்குவில் போனார்கள், அந்த வருடமும் புகை அடிக்காமல் இல்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் செய்கிறோம். மகளிர் குழுவில் பேசியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் டிரம்முக்கு வலை கட்டுவது, ஃபிரிட்ஜ் பின்தட்டு வரை பார்ப்பது எங்கள் பொறுப்பு. வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதி போட்டார்களே, அந்தக் கூட்டத்தை ஒருமுறை எங்கள் தெருவில் கூட்டி, சுகாதார ஆய்வாளரையும் குழாய் ஃபிட்டரையும் குப்பை ஒப்பந்தக்காரரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். பாட்டியின் அபராதத்தை ரத்து செய்யுங்கள். தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை விடுங்கள்.

வருகிற வியாழன் ராத்திரி எங்கள் தெரு முறை. எத்தனை மணிக்கு என்று மட்டுமாவது முன்னாலேயே சொல்லிவிட்டால் பாட்டி வீட்டுக்குள் படுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு குடியிருப்பாளர்