வடசென்னை ஆங்கில ஆசிரியர்களுக்கு: ‘அப்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மாணவர்கள்தான் என்னிடமும் வருகிறார்கள். நீளமான ஆங்கிலச் சொற்களுக்கு அவர்கள் அஞ்சுவதில்லை. ‘என்விரான்மென்ட்’ என்றால் என்ன என்று கேட்டால் பட்டென்று பதில் வருகிறது. ‘அப்’ என்ற இரண்டெழுத்துச் சொல்தான் அவர்களைத் தடுமாற வைக்கிறது.

‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்ற வாக்கியத்துக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘அவர் புகையை மேலே கொடுத்தார்’ என்று எழுதினாள். ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. மனப்பாடம் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. புகைப்பதை விட்டுவிட்டார் என்ற பொருள் அந்த இரண்டு சொல்லும் சேரும்போதுதான் பிறக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பலூனை ‘ப்ளோ அப்’ செய்தால் ஊதுவது. புகைப்படத்தைச் செய்தால் பெரிதாக்குவது. பாலத்தைச் செய்தால் வெடிவைத்துத் தகர்ப்பது. தேர்வறையில் ‘டைம் இஸ் அப்’ என்றால் நேரம் முடிந்தது. துறைமுகத்தில் படகு ‘டைடு அப்’ என்றால் கட்டிக் கிடக்கிறது; மனிதர் அப்படி என்றால் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பிரிட்டனில் லண்டனை நோக்கிச் செல்லும் தண்டவாளத்துக்கு ‘அப்’ என்று பெயர். நிலம் மேடா பள்ளமா என்பது கணக்கில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

இதை விளக்கத் தமிழே போதும். பசி எடுக்கிறது, விடுப்பு எடுக்கிறோம், படம் எடுக்கிறார்கள், குழந்தை வாந்தி எடுக்கிறது. ‘எடு’ என்பதற்கு ஒரே பொருளை எந்தத் தாயும் சொல்லித் தந்ததில்லை. ‘பாலைக் குடி’ என்பதற்கும் ‘பாலைக் குடித்துவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சின்னக் குழந்தைக்கே தெரியும். ‘ட்ரிங்க்’, ‘ட்ரிங்க் அப்’ இரண்டுக்கும் நடுவே இருப்பதும் ஏறத்தாழ அதுதான்: மிச்சம் வைக்காமல் முடி. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ இரண்டும் இதே வகை. எல்லா ‘அப்’புக்கும் இது பொருந்தாதுதான். ஆனால் இந்த மொழி நமக்கு அந்நியமாக இயங்கவில்லை என்ற தைரியம் பிள்ளைக்கு வந்துவிடும். எனக்கு அதுவே பெரிது.

மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் நாளை வேலை கேட்டுப் போகப்போகிறவர்கள் இவர்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் பேசும் ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்களே நிறைந்திருக்கும். கேள்வி புரியாமல் தலைகுனிந்து நிற்கும் நிலை இவர்களுக்கு வரக்கூடாது.

ஆகவே, கரும்பலகையில் ‘அப் - மேலே’ என்று எழுதிப் போடுவதை நிறுத்துங்கள். வாரம் ஒரு பாடவேளையை இத்தகைய சொற்களுக்கு ஒதுக்குங்கள். முழு வாக்கியமாகக் கொடுத்து, இதையே உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அதற்கான பயிற்சித் தாள்களைத் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
காசிமேட்டிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியர்