ரோபோ சங்கருக்காக நீ அழுதது பற்றி

வெள்ளவத்தை,
25.09.2025

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால்தான் ஒரு நாள் நல்லம், ஒரு நாள் கூடாது.

வெள்ளிக்கிழமை நீ போனில் அழுதுகொண்டு கதைத்ததும், அம்மா பக்கத்தில் நின்று "ஆரோ ஒரு நடிகன் செத்ததுக்குக் கனடாவில இருந்து அழுகிறாளாம்" என்று சொன்னதும் இன்னும் என் மனதில் கிடக்கிறது. நீ உடனே குரலை மாற்றி, வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். அதற்கு முதல் இன்னொன்றும் சொன்னாய். ரோபோ சங்கரின் இறுதி ஊர்வலத்தில் அவருடைய மனைவி ஆடிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "எப்படி அப்பா மனம் வந்தது?" என்று கேட்டாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அம்மா இடையில் புகுந்துவிடுவா.

2022 பங்குனிக் கடைசி ஞாபகம் இருக்கா? பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். லிஃப்ட் ஓடாது, தண்ணீர் மேலே ஏறாது, காஸ் சிலிண்டருக்கு விடியமுதலே வரிசை. நீ முன்கூட்டியே இறக்கி வைத்திருந்த, சங்கர் வருகிற 'கலக்கப்போவது யாரு' டிவி நகைச்சுவை நிகழ்ச்சித் துண்டுகளை மொட்டை மாடியில் இருந்து சார்ஜ் முடியுமட்டும் போட்டுக் காட்டுவாய். பக்கத்து ஃபிளாட் சிங்கள அன்ரிக்கு ஒரு சொல் தமிழ் விளங்காது. அந்த மனுசன் உடம்பை வெட்டி வெட்டி ஆடுவதைப் பார்த்தே சிரிப்பா. அந்த நாட்களில் இந்தக் கட்டடத்தில் வேறு எதற்கும் ஆட்கள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மேடையில் உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சோடு ரோபோவாக ஆடி, அதையே பெயராக்கிக்கொண்டு, பலகுரல், டிவி, சினிமா என்று ஏறி வந்தவர். 2023இல் மஞ்சள் காமாலை வந்து பாதி ஆளாய் மெலிந்துபோனார். பிறகு தேறி, திரும்பவும் நடிக்க வந்தார். இந்த மாதம் படப்பிடிப்பில் மயங்கி விழுந்தவர், 18ஆம் திகதி போய்விட்டார். 46 வயது. என்ன வயதம்மா அது?

அடுத்த நாள் காலி வீதியில் நான் வழமையாகத் தலைமயிர் வெட்டுகிற சலூனுக்குப் போனேன். டிவியில் அவருடைய காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹட்டன் பெடியன் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நிற்கிறான். ஒரு கிழவருக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கூச்சப்பட்டு வாயைத் துடைத்தார். அவர் தனித்துப் போகக்கூடாது என்று நானும் சத்தமாய்ச் சிரித்தேன்.

உனக்கு விளங்க என் கதை ஒன்று சொல்லவேணும். நான் பெடியனாக இருந்த காலத்தில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற பகிடி நாடகம் போகும். ராமதாஸ் மரைக்காராக, ராஜகோபால் அப்புக்குட்டியாக, செல்வசேகரன் உபாலியாக, அப்துல் ஹமீத் ஐயராக வருவார்கள். முஸ்லிம் ஆட்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ், ஐயர் தமிழ் எல்லாம் ஒரே நாடகத்தில். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ராமதாஸ்தான் எழுதியவர். பிற்காலத்தில் சென்னைக்குப் போய், 2016இல் அங்கேயே காலமானார். பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது நான் கந்தோரில் இருந்தேன். பக்கத்து மேசைப் பெடியளிடம் சொன்னால் "ஆர் அங்கிள் அவர்?" என்று கேட்பார்கள். அதனால் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் சும்மா இருந்தேன்.

அவரோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் உன் அப்பம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த நாடகத்துக்கு மட்டும்தான். அந்தச் சிரிப்பு அவருடைய குரலோடு ஒட்டிக் கிடந்தது. அவர் போனபோது அப்பம்மா இரண்டாந்தரம் போனமாதிரி இருந்தது. நீ அழுததில் அந்த மொட்டை மாடியும் இருக்கும், நாங்களும் இருப்போம். வெட்கப்பட அதில் என்ன இருக்கு?

இனி சங்கரின் மனைவி ஆடினது. ஊரில் முந்தின செத்தவீடுகளை நீ பார்க்கவில்லை. முன்னால் பறை அடிபடும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லுவார்கள். செத்தவரின் குழப்படியும் அதற்குள் வந்துவிடும். பின் வளவில் ஆம்பிளைகள் விடியவிடியக் கடதாசி விளையாடுவார்கள். கொழும்புக்கு வந்தபிறகு எங்களுக்குப் பிரேதம் வைக்கிற மலர்ச்சாலைதான். பொரளைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோகிற நேரத்தை முதலே குறித்துவைத்து, அழுகையைக் கைலேஞ்சிக்குள் அடக்கிப் பழகிவிட்டோம். சத்தம் போட்டால் மேல்மாடிக்காரர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. இந்தப் பழக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு சென்னையில் ஒருத்தியின் துக்கத்தை அளக்க எங்களுக்கு என்ன உரிமை?

ஆட்டத்தால் சோறு சாப்பிட்ட வீடு அது. புருசனுக்கு முன்னால் கடைசியாக ஒருக்கா ஆடிவிட்டா. எங்களுக்குக் காட்டுவதற்காக அவ ஆடவில்லை, காட்டியது போன் பிடித்தவன். குறை சொல்வதென்றால் அவனைச் சொல். அழுகிற முகத்துக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோகிற இந்தப் பழக்கம் எனக்கு அருவருப்பு. இஞ்சயும் வந்துவிட்டது.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா திரும்பவும் உன்னைப் பகிடி பண்ணினால், 1987 மார்கழியில் எம்.ஜி.ஆர். செத்தபோது அவ எத்தனை நேரம் சாப்பிடாமல் கிடந்தவ என்று கேள். மாமா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது என்று மட்டும் சொல்லிப்போடாதே.

அன்புடன்,
அப்பா