கடிகாரக்காரன் முள்ளைப் பின்னால் திருப்ப மாட்டான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் காலப்பயணம் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: “முள்ளைப் பின்னால் திருப்பினால் நேற்று வந்துவிடும் என்று நம்பும் கடிகார ரிப்பேர்காரரின் கனவுதான் காலப்பயணம்.” நான் கடிகார ரிப்பேர்காரன். தக்கலையில் 41 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துச் சாயாக்கடையில் இதைச் சத்தமாக வாசித்த ஒருவர், “அண்ணாச்சி, ஒங்களப் பத்திப் போட்டிருக்கான், பாத்தியளா?” என்று பேப்பரைக் கொண்டுவந்து, நான் பிரித்துவைத்திருந்த டைம்பீஸின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு ஸ்க்ரூ இன்னும் கிடைக்கவில்லை.

முதலில் தொழில் விஷயம். மணியடிக்கும் பழைய கடிகாரத்தில் எங்களில் யாரும் முள்ளைப் பின்னால் திருப்ப மாட்டோம். பன்னிரண்டைத் தாண்டிப் பின்னால் திருகினால் அடிக்கிற பாகம் குழம்பிவிடும். முள் மூன்றில் நிற்கும், மணி எட்டு அடிக்கும். கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால் பெண்டுலத்தைப் பிடித்துப் பத்து நிமிடம் நிறுத்திவைப்போம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பதினொரு மணி ஐம்பது நிமிடத்தை முன்பக்கமாகவே சுற்றி, ஒவ்வொரு மணியையும் அடிக்கவிட்டுக் கொண்டுவருவோம். கட்டுரையாளர் எந்தக் கடிகாரக்காரரைப் பார்த்தாரோ தெரியவில்லை.

சரி, அது போகட்டும். “ஐன்ஸ்டீன் காலப்பயணத்தை அடியோடு மறுத்துவிட்டார்” என்றும் அவர் எழுதியிருக்கிறார். தாங்கள் மெத்தப் படித்தவர். வேகமாகப் போகிறவனின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் 1905இல் சொன்னதும், பூமியை விட்டு உயரப் போனால் அது விரைந்து ஓடும் என்று பிறகு காட்டியதும் தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1971இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கடிகாரத்துக்குத் தனி சீட். டிக்கெட்டில் பெயர் ‘மிஸ்டர் கிளாக்’. பூமி சுழலும் திசையிலேயே கிழக்கே சுற்றி வந்தது 59 நானோ வினாடி பிந்தியது, அதற்கு எதிராக மேற்கே சுற்றி வந்தது 273 நானோ வினாடி முந்தியது. ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வருவதுதான் நானோ வினாடி. அற்பம்தான். ஆனால் தொழில்காரனுக்கு அற்பம் என்று ஒன்று கிடையாது.

செர்ஜி கிரிக்கலேவ் என்ற ரஷ்ய விண்வெளி வீரர் பல பயணங்களில் மொத்தம் 803 நாள் விண்வெளியில் இருந்தார். அவர் சுற்றிய உயரம் குறைவு, வேகம் அதிகம். ஆகவே கடைசியாக இறங்கி வந்தபோது, பூமியிலேயே இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயதைவிட ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இளையவராக இருந்தார். அதாவது, அந்த அளவுக்கு நமது எதிர்காலத்துக்குள் குதித்துவிட்டார். முன்னால் போகும் காலப்பயணம் நடந்தாயிற்று, ஐயா.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அதற்குச் சமிக்ஞை அனுப்பும் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே கடிகாரம் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோ வினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ வினாடி) முந்தும், வேகத்தால் 7 பிந்தும், மிச்சம் 38 முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தவறிப்போகும். அதனால் மேலே அனுப்பும் முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்துவிடுகிறார்கள். என் கடைக்கு முந்தி ஓடும் வாட்ச் வந்தால் நானும் லென்ஸை மாட்டிக்கொண்டு பாலன்ஸ் வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முள்ளை ஊசி முனையால் ‘எஸ்’ (ஸ்லோ, அதாவது மெதுவாக) பக்கம் ஒரு மயிரிழை தள்ளுவேன். இரண்டும் ஒரே வேலைதான். அவர்களை விஞ்ஞானி என்கிறீர்கள், என்னைக் கனவு காண்கிறவன் என்கிறீர்கள்.

பின்னால் போவது வேறு விஷயம். 1949இல் கர்ட் கோடல் என்ற கணித மேதை, ஐன்ஸ்டீனின் நண்பர்தான், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை வைத்தே சுழலும் பிரபஞ்சம் ஒன்றைக் கணக்கில் காட்டினார். அதில் ஒருவன் போய்க்கொண்டே இருந்தால் தன் பழைய நாளுக்கே வந்து சேரலாம். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை என்பது உண்மை. பின்னால் போவதை இயற்கையே தடுத்துவிடும் என்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கருதியதும் உண்மை. ஆனால் அது அனுமானம், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. தங்கள் கட்டுரையாளரோ, ஹாக்கிங் 2009இல் விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகு எதிர்கால ஆட்களுக்கு அழைப்பு அனுப்பினார், ஒருவரும் வரவில்லை, ஆகவே வழக்கு முடிந்தது என்கிறார். கிப் தோர்ன் போன்ற இயற்பியலாளர்கள் கணக்கிட்ட புழுத்துளை (வெளியில் தூரத்து இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்கு வழி) மூலம் காலப்பயண இயந்திரம் செய்தாலும், அது தயாரான நாளுக்கு முன்னால் யாரும் போக முடியாது. கடை திறப்பதற்கு முந்தின நாள் கடைக்கு ஆள் வரவில்லை என்று கணக்கெழுதுவது என்ன கணக்கு?

இதே பத்திரிகையின் ஆன்மிகப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு முன், ரைவத மன்னன் தன் மகள் ரேவதியோடு பிரம்மலோகம் போய், ஒரு பாட்டு முடியக் காத்திருந்து திரும்பியபோது பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்திருந்த கதையைப் போட்டு, “அன்றே அறிந்த காலப்பயணம்” என்று தலைப்பும் கொடுத்தீர்கள். முனிவர் சொன்னால் ஞானம், ரிப்பேர்காரன் நினைத்தால் கனவு. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படித்துப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

என் பழைய கடிதத்தையும் மறக்கவில்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நாகர்கோவில் 77.4இல் இருக்கிறது, ஆகவே நமக்கு உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டு இருபதுக்குத்தான் என்று விவரமாக எழுதியிருந்தேன். தாங்கள் வெட்டிப் போட்டது: “நாகர்கோவிலில் நேரம் 20 நிமிடம் பிந்துகிறது.” மணிமேடைக் கடிகாரத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு வாரம் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். கடிதத்தின் கீழே என் ஊரைப் போட்டது ‘தக்கலை, திருநெல்வேலி மாவட்டம்’ என்று. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதே நாங்கள் தனி மாவட்டம்தான்.

ஒன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் வாட்சுக்கு பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஆழ்கடலுக்குப் போனார். வாட்ச் என் டிராயரில் இருக்கிறது. பேட்டரி தீரத் தீர மாற்றி வைக்கிறேன். அந்த வாரத்துக்குத் திரும்பிப் போக முடியுமா என்று எங்கள் கடற்கரையில் கேட்காத வீடு குறைவு. தோர்ன் கணக்குப்படி முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது, தங்கள் கட்டுரையாளருக்கு வந்திருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஐன்ஸ்டீன் மறுத்தார் என்பது தவறு என்றும், ரிப்பேர்காரர் பற்றிய வரியைத் திரும்பப் பெறுகிறோம் என்றும் வரும் ஞாயிறு நான்கு வரியில் ஒரு சிறு பெட்டிச் செய்தி. இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
கடிகார ரிப்பேர்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பின்குறிப்பு: ஆண்டு மலரில் தங்கள் அறைப் படம் பார்த்தேன். பின்னால் சுவரில் பெண்டுலம் கடிகாரம் வலப்பக்கம் சாய்ந்து தொங்குகிறது. அப்படித் தொங்கினால் ‘டிக்’ ஒரு அளவு, ‘டக்’ ஒரு அளவு என்று நொண்டி, கடைசியில் நின்றுவிடும். ஆளைவிட்டு நேராக மாட்டச் சொல்லுங்கள். முள்ளை மட்டும் பின்னால் திருப்பிவிட வேண்டாம்.