அந்த ஆல்டோவை வாசுகிக்குக் கொடுக்காதே

மதுரை,
நவம்பர் 2025

அன்புள்ள மாப்ள,

நலம். ஆடியில் வந்த கடிதத்துக்குக் கார்த்திகையில் பதிலா என்று நீ ஆரம்பிப்பாய். அம்மா போன பிறகு எதற்கும் உட்கார மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீ வந்து கூடவே இருந்ததற்கு நன்றி சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் பெங்களூரில் அதே கம்பெனி, அதே தாடி. மொட்டை ரிட்டயராகி மாட்டுத்தாவணிப் பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறான். அந்த 1989 கணக்கை இன்னும் மறக்கவில்லையாம், உன்னிடம் சொல்லச் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் வாசுகிக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்த சந்தோஷத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தாய்: வீட்டில் ஆல்டோ சும்மாதானே நிற்கிறது, அதை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று. சின்ன கார் என்றாலே நான் தலையாட்டுவேன் என்று நினைத்திருப்பாய். நான் வேண்டாம் என்கிறேன். எதற்காக என்பதற்கு முதலில் என் டாட்டா நானோ கார் புராணத்தை நீ கேட்டே ஆகவேண்டும். காபி போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்து படி.

நானோவுக்குப் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி காலாவதியாகிற நேரம் வந்தது. ஐந்து வருஷத்துக்குள் அது பழைய இரும்புக்கடைக்குப் போகும் என்று நீ கட்டிய பந்தயம் நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது. கோனார் மெஸ் கறிதோசை, ஆளுக்கு இரண்டு. மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், அது போகப் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: இதற்கு ஆகிற செலவில் பாதிக்குக்கூட வண்டி விலைபோகாது என்று. கணக்கு சரிதான். ஆனாலும் கட்டினேன்.

வண்டியைக் காட்டப் போன அன்று நல்ல வேடிக்கை. சோதிக்க வந்தவர் இளைஞர், பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஸ்டெப்னியும் பெட்ரோல் மூடியும்தான். அவர் என்னைப் பார்த்தார், நான் பின் சீட்டைக் காட்டினேன். சீட்டை மடக்கித் தட்டைக் கழற்றியதும் 624 சிசி, இரண்டே சிலிண்டர் என்ஜினைப் பார்த்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பங்க்கிலும் புதுப்பையன் வந்தால் இதே கதைதான். மூடியைத் தேடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவான். 15 லிட்டர் டேங்க், ஆயிரத்தைந்நூறு ரூபாயில் நிறைந்துவிடும். இந்தக் காலத்தில் 'ஃபுல் போடு' என்று கம்பீரமாகச் சொல்லக் கூடியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

நீ சிரித்தாலும் சரி, நம் ஊருக்குள் ஓட்ட இதைவிட நல்ல வண்டி இன்றுவரை வரவில்லை. மொத்த நீளம் 3.1 மீட்டர். நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். ஆவணி மூல வீதியிலிருந்து ஏதாவதொரு சந்துக்குள் நுழைந்து, எதிரே மீன்பாடி வண்டி வந்தாலும் சமாளித்து வெளியே வந்துவிடுவேன். சம்பந்தி பெரிய எஸ்யூவி வாங்கியிருக்கிறார். சிம்மக்கல்லில் காய் வாங்க வந்தால் அதை வைகைக் கரையில் நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் வருகிறார். பவர் ஸ்டீயரிங் இல்லை, உண்மை. ஆனால் என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால் பாரமே கிடையாது, ஒரு கையால் வளைக்கலாம். அதனால்தான் முன் டயர் 135, பின் டயர் 155 என்று அகலம் வேறு வேறாக வைத்தார்கள். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. பஞ்சர் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் நாலாவதைத் தேடுவார்.

அப்புறம் உயரம். உன் ஆல்டோவில் அம்மாவை ஏற்றியது ஞாபகம் இருக்கும், தலையைக் குனிந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, நாம் இருவரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. நானோவில் கதவைத் திறந்தால் சீட் அவள் இடுப்புக்கு நேராக இருக்கும். அப்படியே உட்கார்ந்து திரும்பிக்கொள்வாள். முட்டி தேய்ந்துபோன கடைசி இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கு வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றாள். விற்கவேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவதற்கு இதுதான் காரணம். மற்றவர்களிடம் மைலேஜ் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பராமரிப்பில் தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். நிறுத்தி வைத்தால் எலி பின்பக்கம் குடித்தனம் வந்துவிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் வயரிங் மொத்தமும் போயிற்று. இப்போது புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், உள்ளே ஏறினால் கல்யாண வீட்டுப் பந்தியில் தாம்பூலத் தட்டுப் பக்கம் உட்கார்ந்த மாதிரி ஒரு மணம். பெரிய பட்டறைகளில் பையன்கள் தொடப் பயப்படுகிறார்கள். செல்லூரில் ஆட்டோ பார்க்கிற ஒரு பெரியவர்தான் கதி. இரண்டு சிலிண்டர்தானே என்று அலட்சியமாகப் பிரித்துப் போட்டு, சாயந்திரத்துக்குள் பூட்டிக் கொடுத்துவிடுவார். சாமான் கிடைக்காதபோது நீ புதுப்பேட்டையில் அலைந்து வாங்கி அனுப்பியதெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது. சீட்டுக்கு மேலாகத்தான் பெட்டியைத் திணிக்கவேண்டும். சின்னவன் அதை வைத்தே இன்றும் கேலி பேசுகிறான்.

இந்த வண்டியை ஏன் ஊர் இப்படிக் கைவிட்டது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஸ்கூட்டரில் நான்கு பேர் மழையில் நனைந்துகொண்டு போவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாக ரத்தன் டாட்டா சொன்னார். அது நம் கதைதானே? சேத்தக்கில் முன்னால் பெரியவள் நிற்க, பின்னால் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உன் தங்கச்சி, திருப்பரங்குன்றம் போகும்போது மழை. 2008 ஜனவரியில் டெல்லியில் அவர் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று காட்டியபோது நான் டிவியை விட்டு எழவில்லை. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் தொழிற்சாலை நிலத் தகராறு, குஜராத் சனந்துக்கு மாறியது எல்லாவற்றையும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். புக்கிங் இரண்டு லட்சத்தைத் தாண்டி, முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். அப்புறம் 2018 ஜூனில் மாதம் முழுக்க ஒரே ஒரு நானோதான் செய்தார்கள்.

விலை மலிவான கார் என்று சொல்லி விற்றதுதான் கெடுத்தது என்று அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். உண்மைதான். நம் ஆட்கள் கார் வாங்குவது பாதி ஊர் பார்ப்பதற்காக. ஒரு லட்ச ரூபாய் கார் என்று ஊருக்கே தெரிந்த வண்டியில் கல்யாணத்துக்குப் போய் இறங்க யாருக்கு மனம் வரும்? கடைசிக் காலத்தில் அவர் மும்பை தாஜ் ஓட்டலுக்கு வெள்ளை நானோவில் வந்து இறங்கிய வீடியோவைச் சின்னவனுக்கு அனுப்பினேன். 'அவர் வரலாம்ப்பா' என்று பதில் போட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி நான் சொல்ல வந்தது. பெரியவள் குழந்தையோடு தீபாவளிக்கு வந்திருந்தாள். பேத்தியை நானோவில் அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். கோபித்துக்கொண்டேன். பேசாமல் ஒரு வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தாள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு 2014ல் மோதிக் காட்டியது. மணிக்கு 64 கிலோமீட்டர், பெரிய வேகம் ஒன்றுமில்லை. பாதுகாப்பில் நானோவுக்குப் பூஜ்ய நட்சத்திரம். முன்பக்கம் மடிந்து ஸ்டீயரிங் பொம்மையின் நெஞ்சுக்கு வருகிறது. நான் தினமும் உட்காருகிற சீட், மாப்ள. அதே வரிசையில் ஆல்டோ 800 இருக்கிறது, அதற்கும் பூஜ்யம். ஐ10க்கும் அப்படியே. அறிக்கையில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? இந்த வண்டிகளின் கூடு நசுங்குகிற விதத்தைப் பார்த்தால் ஏர்பேக் மாட்டினாலும் பெரிய பலன் இருக்காதாம். உன் வண்டி 2011, அந்த ஆல்டோவுக்கும் மூத்தது. ஏர்பேக்கும் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் கிடையாது.

நான் ஊருக்குள் முப்பதில் போகிறவன். எதிரே வருவது சைக்கிள், ஆட்டோ, மாடு. இதை எழுதும்போதே ஒரு முடிவும் எடுத்துவிட்டேன், நானோ இனி ரிங் ரோட்டைத் தாண்டாது. கொடைக்கானல் மலையை இரண்டாவது கியரில் ஏறி டம்டம் பாறையில் நிறுத்தி டீ குடித்ததெல்லாம் முடிந்த கதை. நான்கு வழிச் சாலையில் ஆம்னி பஸ் தாண்டிப் போகும்போது அந்தக் காற்றுக்கே 600 கிலோ வண்டி ஒதுங்குகிறதே, அதை நான் இத்தனை நாள் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாசுகி போகப்போவது எந்த ரோடு? தாம்பரம், படப்பை, ஒரகடம். உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நாம் அதில் போனோமே, முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரி. காலையில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எண்பதில் போவாள், நீ வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாய். நம் தலைமுறைக்குச் சின்ன கார் என்றால் ஸ்கூட்டரிலிருந்து ஒரு படி மேல். அவ்வளவே போதும் என்றிருந்தது. அவளுக்கு ஏன் அந்தக் கணக்கு?

புதுசு வாங்கக் காசு இல்லை என்று சொல்லாதே, மணலியில் மனை விற்ற பணம் பற்றி எனக்குத் தெரியும். செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. ஆல்டோவை விட்டுப் போக மனமில்லையென்றால் ஆல்டோ கே10 எடு. ஷோரூம் விலை 3 லட்சத்து 70 ஆயிரத்தில் ஆரம்பிக்கிறது, இந்த வருஷத்திலிருந்து அடிமட்ட மாடலுக்கும் ஆறு ஏர்பேக். 2023ல், இரண்டு ஏர்பேக்கோடு, அதற்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் போட்டு டாட்டா டியாகோ பார். 2020லேயே நான்கு நட்சத்திரம் வாங்கியது. பழையதுதான் வேண்டும் என்றால் 2022க்குப் பிந்தியதாக எடு. முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் அதற்குள் கட்டாயமாகிவிட்டது. மைலேஜ் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் ஆல்டோவை விற்காதே. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற வண்டி, நீ மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள். முப்பதில் போ. நாம் போனால் பரவாயில்லை என்று உன் தங்கச்சி முன்னால் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

தங்கச்சி மீனாவைக் கேட்டதாகச் சொல். தை பிறந்ததும் வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன், தாம்பரத்தில் வந்து நில். அதற்குள் வாசுகியை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்க்கச் சொல். நீ ஓட்டிப் பார்க்காதே, உனக்குக் கலர்தான் தெரியும்.

அன்புடன்,
உன் மாப்ள

பி.கு: புதுப்பேட்டைப் பக்கம் போனால் நானோவுக்கு ஒரு கிளட்ச் கேபிள் கிடைக்குமா பார். இருந்தால் இரண்டாக வாங்கி வை, காசு கறிதோசையில் கழித்துக்கொள்ளலாம்.