பம்பர்ல கொக்கி மாட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஃப்ரோடு ஜீப்ப ட்ரைலர்ல ஏத்தினு போறத பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய ரெண்டு தபா படிச்சேன், படம்லாம் சூப்பர், ஆனா கட்ற விஷயத்த மட்டும் "பெல்ட் போட்டு நல்லா இறுக்கிக் கட்டவும்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அதான் மனசு கேக்காம எழுதறேன். நான் திருவொற்றியூர். 22 வருஷமா ஹார்பர்ல இருந்து கன்டெய்னர் ட்ரைலர் ஓட்றேன். கன்டெய்னருக்கு நாலு மூலையிலயும் ட்விஸ்ட் லாக் இருக்குது, திருப்பி பூட்டிட்டா பொட்டி அசையாது. ஜீப்புக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது, நாமதான் நாலு மூலைய உண்டாக்கணும்.

எங்க அக்கா பையன் ஒரு பழைய ஜீப்ப வாங்கி ஸ்பிரிங்க தூக்கி பெரிய டயர்லாம் மாட்டி வச்சிருக்கான். தடா பக்கம் சேத்துல ஓட்டப்போறேன்னு வாடகைக்கு ஒரு சின்ன ட்ரைலர் புடிச்சி, முன் பம்பர்ல ரெண்டு பெல்ட்டு, பின் பம்பர்ல ரெண்டு பெல்ட்டு, பெல்ட்ட இறுக்கற ராட்செட்ட கடைசி பல்லு வரைக்கும் ஏத்திட்டான். தட்டினா டங்குன்னு சத்தம் வருது. எனக்கே பாக்கறதுக்கு சரியாதான் இருந்துச்சு, நானும் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன், அத இப்ப ஒத்துக்கறேன்.

மணலி புதுநகர் தாண்டி டிபிபி ரோட்டுல, அதான் திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி ரோட்டுல, வரிசையா பள்ளம். பின்னாடி வந்த பைக்காரர் ஹாரன் அடிச்சி கைய ஆட்டறார். எறங்கிப் பாத்தா பின்பக்கத்து கொக்கி ரெண்டும் கழண்டு ரோட்டுல இழுத்துனு வருது, ஜீப்பு ஒரு அடி முன்னால வந்து ட்ரைலர் சட்டத்துல மோதி நிக்குது. பெல்ட்டு அறுந்துபோகல சார், ஒரு நூல் கூட பிரியல. பள்ளத்துல எறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி பம்பர் கீழ வருது, அந்த நிமிஷம் பெல்ட்டு தொளதொளன்னு ஆயிடுது, கொக்கி வளையத்த வுட்டு வெளிய வந்துடுது, அவ்ளோதான். எவ்ளோ இறுக்கினாலும் இதான் கதி, அதுவும் தூக்கின ஸ்பிரிங்குன்னா இன்னும் நல்லா ஆடும்.

"வண்டி உருளாம இருக்க ஃபர்ஸ்ட் கியர்லதான் மாமா போட்டேன்"னு சத்தியம் பண்றான். கியர் ஃபர்ஸ்ட்லதான் இருந்துச்சு, ஆனா பக்கத்துல இருக்கற ஃபோர் வீல் லிவர், ரெண்டு சக்கரமா நாலு சக்கரமான்னு மாத்தறது, அது நியூட்ரல்ல கீது! அது நியூட்ரல்ல இருந்தா நீ எந்த கியர்ல போட்டாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லடான்னேன், முழிக்கறான். ஹேண்ட்பிரேக்கு? கேபிள் போயி ஆறு மாசம் ஆச்சாம். இன்னாத்த சொல்றது.

அங்கியே ஓரம்கட்டி திரும்ப கட்டினோம். பாடியில எதுவும் மாட்டல, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி பெல்ட்டு, ரெண்டு பக்கத்து சக்கரத்தையும் சேக்கற ஆக்ஸில சுத்தி வர்ற மாதிரி. அப்டி கட்டினா மேல பாடி எவ்ளோ வேணா குதிச்சிக்கட்டும், சக்கரம் எடத்த வுட்டு நகராது. ஆனா படுத்து பாத்துதான் சுத்தணும், பிரேக் ஆயில் போற ஹோஸ் மேல பெல்ட்டு ஏறிச்சுன்னா அடுத்த வேல மெக்கானிக் கிட்டதான். பின்னாடி ரெண்டையும் குறுக்கால மாத்திக் கட்டினோம், இடது சக்கரம் வலது வளையத்துக்கு, வலது சக்கரம் இடதுக்கு, சைடுல நகராம இருக்க. சில பேரு சேசிஸ்ல, அதான் பாடிக்கு கீழ இருக்கற இரும்பு சட்டத்துல, மாட்டி ஸ்பிரிங் அமுங்கற வரைக்கும் இழுக்கணும்னு சண்டைக்கே வருவாங்க, அவங்களும் வண்டி ஓட்றவங்கதான், ஆனா நம்ம ரோட்டுக்கு எனக்கு ஆக்ஸில்தான் நம்பிக்கை.

பெல்ட்ட பத்தியும் ஒண்ணு சொல்லணும். வாடகைக்கு வுட்டவரு குடுத்த பெல்ட்டுல ரெண்டு, வெயில்ல வெளுத்து ஓரம்லாம் பிசிறு, ஒண்ணுல முடிச்சு வேற. முடிச்சு போட்ட பெல்ட்டு பாதி பெல்ட்டுதான். மறுநாளே லிங்கிச்செட்டி தெருவுக்கு போயி ரெண்டு இஞ்ச் பெல்ட்டு புதுசா நாலு வாங்க வச்சேன். லேபிள்ல பெருசா போட்டிருக்கற எடை அறுந்துபோற அளவா, வேலைக்கு தாங்கற அளவான்னு பாத்து வாங்கணும், அமெரிக்கா கணக்குல அறுந்துபோற அளவுல மூணுல ஒரு பங்குதான் வேலைக்கு. பிரேக் அடிச்சா சரக்கோட எடையில 80 சதவீதம் முன்னாடி தள்ளும், சைடுல 50 சதவீதம்னு வெச்சுதான் வெளிநாட்டுல கட்ட சொல்றாங்க. ஒண்ணரை டன் ஜீப்புன்னா முன்னாடி மட்டும் 1200 கிலோ.

அப்பால, போற வழியில நிறுத்தி பாக்கறது. மொதல் 80 கிலோமீட்டருக்குள்ள ஒரு தபா பாக்கணும்னு அமெரிக்காவுல ரூல் இருக்கு, நான் மொதல் பத்து கிலோமீட்டர்லயே நிறுத்திடுவேன், புது பெல்ட்டு கொஞ்சம் இழுபடும், டயரும் கொஞ்சம் அமுங்கும்.

கட்டுரையில மூணாவது படத்துல இருக்கற செவப்பு ஜீப்ப இன்னொரு தபா பாருங்க, நாலு கொக்கியும் பம்பர்லதான் கீது. அதையே பாத்து எத்தினி பசங்க கட்டப் போறாங்களோ. எங்க பையன் ஜீப்பு எங்க தெருவுலயேதான் நிக்குது, ஞாயித்துக்கிழமை போட்டோகிராபர அனுப்பினீங்கன்னா நானே கட்டிக் காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு ட்ரைலர் டிரைவர்,
திருவொற்றியூர்