தங்கச்சியின் போனைப் பற்றி

நோர்வூட்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய குரல் மெசேஜைக் கேட்டேன். தங்கச்சி கூட்டாளிகளோடு ஆடி டிக்டொக்கில் போட்ட வீடியோவை உன் ரூமில் இருக்கிற பையன் காட்டினானாம், உனக்கு வெட்கமாகப் போய்விட்டதாம், உடனே போனைப் பிடுங்கி அலுமாரியில் பூட்ட வேண்டுமாம். நான் பூட்டப் போவதில்லை. ஏன் என்று கோலில் சொல்ல முடியாது. நம் லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்று உனக்குத் தெரியும். நீயும் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஆட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பிடிக்காமல் போனது வேறு விசயம். பள்ளிக்கூட உடுப்போடு ஆடியிருந்தார்கள், டையில் பள்ளிக்கூடத்துச் சின்னம், பின்னால் நம் தேயிலைத் தோட்டத்துப் பெயர்ப்பலகை. இந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது, எந்த பஸ்ஸில் வரும், எந்த இடத்தில் இறங்கும் என்று கண்டுபிடிக்க ஒருவனுக்கு அது போதும். அதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே அழித்தாள்.

அப்புறம் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். பிறந்த வருஷத்தைக் கூட்டிப் போட்டு 19 வயது ஆக்கி வைத்திருந்தாள். வகுப்பில் எல்லாரும் அப்படித்தானாம். 16 வயதுக்குக் கீழே என்றால் டிக்டொக்கில் தெரியாத ஆட்கள் நேரே மெசேஜ் அனுப்ப முடியாது, கணக்கும் ஆரம்பத்திலிருந்தே மற்றவர்களுக்கு மூடியிருக்கும். வயதைக் கூட்டிப் போட்டால் அந்தப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். இதைச் சொன்னதும் அவளுக்குத் திக்கென்று இருந்தது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு, சரியான வயதைப் போட்டுப் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள்.

நீ பொம்பளைப் பிள்ளைக்குத்தான் பயப்படுகிறாய். நான் இப்போது சொல்லப் போவது ஒரு பையனைப் பற்றி. யார் என்று கேட்காதே, அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிற பையன். அவனுடைய சின்னத் தங்கச்சி, வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறாள், பின்னேரம் அவளைக் கூட்டிப்போக அவன் வருவான். கொஞ்ச நாளாக ஆள் சரியில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் பதில் வராது. ஒரு நாள் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு அழுதான்.

பேஸ்புக்கில் ஒரு பிள்ளை நட்புக் கேட்டிருக்கிறது. அழகான போட்டோ, தமிழில் பேச்சு, ரெண்டு நாளில் வட்ஸ்அப்புக்கு மாறி, வீடியோ கோல் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் உடுப்பில்லாமல் ஒரு பெண். அது ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோ என்று இவனுக்கு எப்படித் தெரியும்? நீயும் அப்படிச் செய் என்று கேட்டதும் செய்துவிட்டான். கோல் முடிந்த கையோடு அவனுடைய வீடியோவும், அவனுடைய பேஸ்புக் நண்பர்கள் பட்டியலின் படமும் வந்து விழுந்திருக்கிறது. பட்டியலில் சித்தப்பா, டியூஷன் சேர், கோயில் பூசாரியின் மகன் எல்லாரும் இருக்கிறார்கள். காசு அனுப்பு, இல்லாவிட்டால் இவர்கள் எல்லாருக்கும் போகும் என்று மிரட்டல். அம்மாவின் தோட்டை யாருக்கும் தெரியாமல் அடகு வைத்து அனுப்பியிருக்கிறான். அடுத்த நாளே இன்னும் காசு கேட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தால் விடமாட்டார்கள் தம்பி, கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் இன்னும் பிடிப்பார்கள்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா கொன்றுபோடுவார், போனைப் பிடுங்கிப் படிப்பை நிறுத்திக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார் என்றான். அந்த வீடியோ வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைவிட அப்பாவுக்குத்தான் அவன் அதிகமாகப் பயந்தான். காசு கேட்டவன் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது, ஆனால் பிள்ளைகள் வீட்டில் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பூட்டி வைக்கமாட்டேன் என்று நான் நிற்பது இதனால்தான். இன்றைக்கு ஆட்டம் ஆடிய வீடியோவுக்குப் போனைப் பிடுங்கினால், நாளைக்கு இதைவிடப் பெரிய ஒன்று நடக்கும்போது தங்கச்சி யாரிடம் வந்து சொல்லுவாள்?

அந்தப் பையனுக்குச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உன் கூட்டாளிகளுக்கும் உதவும். இனி ஒரு சதமும் அனுப்பாதே என்றேன். பயத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தான், விடவில்லை. அந்த மெசேஜ்கள், நம்பர், கணக்கின் பெயர், காசு அனுப்பிய சிட்டை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் ரிப்போர்ட் பண்ணி புளொக் பண்ணினோம். நண்பர்கள் பட்டியலை யாரும் பார்க்காதபடி மறைத்தோம்.

பிறகு 1929க்கு கோல் எடுத்தோம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் நம்பர் அது, 24 மணித்தியாலமும் இலவசம், தமிழில் பேசலாம். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை இப்படிப் படம் எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். குற்றம் செய்தவன் அவன், நீ இல்லை என்று பையனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவையும் இருக்கிறது, 2023இல் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து, அதை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையனின் அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பையனைப் பிள்ளைக் காம்பராவிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். அந்த மனுசன் முதலில் கையை ஓங்கிக்கொண்டுதான் எழும்பினார். உன் மகன் செத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறான் என்றேன். அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகாமல் மகனோடு பொலிசுக்கு வந்தவரும் அவர்தான்.

பொலிசில் சிறுவர், பெண்கள் பணியகம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, வாசித்து விளங்காத தாளில் நம் ஆட்கள் இன்னும் எத்தனை காலத்துக்குக் கையெழுத்து வைப்பது? சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் வரிக்கு வரி வாசித்துச் சொன்னபிறகுதான் பையனின் அப்பா கையெழுத்து வைத்தார். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ராத்திரியில் இன்னும் சரியான தூக்கம் இல்லையாம். மனம் சரியில்லாதபோது பேசுவதற்கு 1926 நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.

தோட்டத்திலும் ஒன்று செய்திருக்கிறோம். லயத்தில் சிக்னல் இல்லாததால் பிள்ளைகள் பாடம் எடுக்க, மெசேஜ் பார்க்க தேயிலை ஸ்டோருக்கு மேலே வளைவுக்குத்தான் போகிறார்கள். இருட்டினபிறகு அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிற ஆட்களைப் பற்றி உனக்கும் தெரியும். மாவா என்கிற போதைப்பாக்கு விற்கிறவனும் அங்கேதான் வருகிறான். பிள்ளைகளைப் போகாதே என்றால் ஒளித்துப் போவார்கள். கோயில் மண்டபத்திலும் சிக்னல் நன்றாக இருக்கிறது. தலைவரிடம் பேசி, மண்டபத்தை ராத்திரி 8 மணிவரை திறந்து வைத்து வாசலில் ஒரு பல்பும் போட்டாயிற்று. அம்மாமார் முறை வைத்துப் போய் உட்காருகிறோம். பிள்ளைகளின் போனை எட்டிப் பார்க்கிறதில்லை என்று பேசிக்கொண்டுதான் போகிறோம். அப்படிப் பார்த்தால் அடுத்த நாளே எல்லாம் திரும்ப வளைவுக்குப் போய்விடும். உன்னால் முடிந்தால் இரண்டு பிளக் பொயின்ட் போடக் காசு அனுப்பு. போனைப் பூட்டுவதைவிட அது உதவும்.

தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் ஒரு மெசேஜ் வந்தது. கொழும்பில் நல்ல வீடு, சின்னப் பிள்ளை ஒன்று வேண்டும், சாப்பாடு தங்குமிடம் கொடுப்போம் என்று. 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த டயகம தோட்டத்துப் பிள்ளை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்ததை இந்த மலையில் யார் மறந்தார்கள்? 16 வயது. அன்றைக்குத் தெருவில் நின்று கத்தியவர்கள் இருக்கிற குரூப்பிலேயே இந்த மெசேஜை ரெண்டு பேர் மற்றவர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். தங்கச்சிதான் முதலில் கண்டு என்னிடம் காட்டினாள். 16 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையையும் வேலைக்கு வைக்க முடியாது என்று அதே 2021இல் சட்டம் மாறியதைக் குரூப்பில் எழுதிப் போட்டவளும் அவள்தான். அவளைத்தான் நீ போனைத் தொடக்கூடாது என்கிறாய்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது அவளிடம் கத்தாதே. அந்த வீடியோவை நீ பார்த்தது அவளுக்குத் தெரியும், பயந்துகொண்டு இருக்கிறாள். பார்த்தேன், கோபமில்லை, எதுவானாலும் அண்ணனிடம் சொல்லலாம் என்று சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு அவசரம். பெரியம்மா வீட்டு அண்ணனுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டரில் டேட்டா அடிக்கிற வேலை என்று டெலிகிராமில் யாரோ பேசியிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வும் இல்லையாம், சம்பளம் டொலரிலாம், சுற்றுலா விசாவில் வா, மற்றதெல்லாம் அங்கே வந்தபிறகு பார்ப்போம் என்கிறார்களாம். இப்படிப் போன நம் நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியன்மாருக்குக் கொண்டுபோய், மற்றவர்களை ஏமாற்றிக் காசு பறிக்கிற வேலையை அடித்துச் செய்ய வைத்திருக்கிறார்கள். எம்பசி தலையிட்டு மீட்டு வந்த செய்தியை நீயும் பார்த்திருப்பாய். நான் சொன்னால் சித்திக்கு என்ன தெரியும் என்பான். வெளிநாட்டில் இருக்கிற நீ சொன்னால் கேட்பான். அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்துக் கேட்கச் சொல். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டப் போகிறானாம், அதற்கு முன்னால் பேசிவிடு.

அன்புடன்,
அம்மா